முன்னறை வரைக்கும்

மேஜைக்கு அடியில் கவிழ்ந்து படுத்து, சுவரோரம் தூசி மண்டிக் கிடந்த வயரைக் கண்ணாடிக்காரர் விரலால் தடவிக்கொண்டே போனபோது, அக்கா பின்னறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"மறுபடியும் நின்னுபோச்சுடா."

"எப்போ?"

"இப்பத்தான். வாயைத் திறந்த மேனிக்கு நிக்குறா. இவரு அதையே பாத்துக்கிட்டிருக்காரு."

தரையில் கிடந்த அவருடைய போன், இண்டர்நெட் கம்பெனிப் பெண்ணின் குரலில், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது.

"இருக்கேம்மா. மேஜைக்கு அடியில இருக்கேன்."

"சரிங்க சார். பச்சை லைட் எத்தனை எரியுதுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையை வெளியே நீட்டி, மேஜை மேலிருந்த வெள்ளை ரௌட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தன. கடைசியில் இருந்த ஒன்று மட்டும் நினைத்துக்கொண்டால் கண்சிமிட்டியது. அது சிமிட்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். பார்வை சோதிக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட நாளிலிருந்து குடும்பத்துக்கு அவர்தான் இன்ஜினியர். மிக்ஸி நின்றாலும் கூப்பிடுவார்கள், டிவியில் கோடு விழுந்தாலும் கூப்பிடுவார்கள். போய் நின்று, ஸ்விட்சை அணைத்துப் போட்டு, பெரும்பாலும் பேரைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிடுவார். காலையிலிருந்து இந்தப் பெட்டியையும் அணைத்து அணைத்துப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் ஓடுகிறது. பிறகு பழைய கதைதான்.

பின்னறையில் அத்தான் படுத்திருந்தார். ஊர் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். இப்போது ஒருக்களித்துப் படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டும். தினமும் வந்துபோகும் நர்ஸம்மா அன்று காலை கையைக் கழுவிக்கொண்டே அக்காவைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம். யாருக்காவது சொல்லணும்னா சொல்லிருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தச் செய்தியையும் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் முகம் மாறாமல் பார்ப்பாள். அதையும் அப்படியே கேட்டுக்கொண்டு, அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்தாள்.

சொல்ல வேண்டிய ஒரே ஆள் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தாள். அவர்களுடைய ஒரே மகள். தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். கடல் தாண்டி எங்கோ ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கிடைத்த விமானத்தில் ஏறியவள், பாதி வழியில் ஒரு பெரிய விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டாள். அங்கே மூடுபனி. எந்த விமானமும் எழும்பவில்லை. கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து போனில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் வானமும் இல்லை, தரையும் இல்லை. வெறும் வெள்ளை.

அந்தப் படம்தான் பின்னறைக்கு வந்ததும் நின்று நின்று போனது. "அப்பா, நான் பேசறது..." என்பாள். அப்படியே உறைந்துவிடுவாள். புருவம் சுருங்கி, உதடு பாதி பிரிந்து, கோபமாகப் பார்ப்பவள்போல்.

வேறு யாராக இருந்தாலும் அது ஒரு விஷயமில்லை. அத்தானுக்கு அது விஷயமாக இருந்தது. முன்பு ஒரு காலத்தில், பாப்பா தன் புருஷனை விட்டு விலகி வந்தபோது, அத்தான் மருமகன் பக்கம் நின்று பேசிவிட்டார். நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவளிடமே கேட்டார். அவள் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வருவாள், அம்மாவோடு சிரிப்பாள், சாப்பிடுவாள், போய்விடுவாள். அப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலி காலியாக இருப்பதுபோல் நடந்துகொள்வாள். அது வருஷக்கணக்கில் போனது. பிறகு அந்த வெளிநாட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, மேட்டில் நிறுத்தி எடுக்கையில் வண்டி பின்னால் உருளுகிறதே என்று ஒரு நாள் போன் செய்து அப்பாவைக் கேட்டாள். அவர் கிளட்சைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவ்வளவுதான் சமாதானம். அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான்.

ஆனால் இந்தக் கடைசி நாட்களில் அத்தானுக்குக் காலம் நழுவிக்கொண்டிருந்தது. பழைய டெப்போவில் இருப்பார், திடீரென்று இங்கே இருப்பார். பாப்பாவின் முகம் உறைந்து நின்றதைப் பார்த்ததும் அவர் நேராக அந்தப் பேசாத வருஷங்களுக்குள் போய் விழுந்துவிட்டார்.

"பேச மாட்டேங்குறா," என்று காலையில் அக்காவிடம் சொன்னார். "இன்னும் கோவம் போகல."

"லைன் சரியில்லைங்க. அவ பேசிக்கிட்டுத்தான் இருக்கா."

"இல்ல. எனக்குத் தெரியும்," என்று சுவர்ப்பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் கண்ணாடிக்காரர் கடையைத் திறக்காமல் இந்த மேஜைக்கு அடியில் கிடந்தார்.

"சார், எங்க பக்கத்துல லைன் நல்லா இருக்கு," என்றாள் கம்பெனிப் பெண். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. ரௌட்டர் பக்கத்துல நின்னு வீடியோ ஓடுதான்னு பாருங்க. அப்புறம் அப்படியே அந்த ரூமுக்கு நடந்து போங்க. எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிரும்."

அவர் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து, அக்காவின் போனை வாங்கினார். மேஜையருகே நின்று பார்த்தபோது, பாப்பா தண்ணீர் குடிப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. "மாமா, உங்க தலையில ஒட்டடை," என்றாள். அவர் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். கண் போனில் இருந்தது, கால் தானாகப் போனது. போன் திரையின் மூலையில் விசிறிபோல் விரிந்திருந்த சிக்னல் குறி, நடை வழிக்குள் நுழைந்ததும் ஒரு மடிப்புக் குறைந்தது. சமையலறை வாசலைத் தாண்டியதும் இன்னொன்று. நடை வழி திரும்பும் இடத்தில் இரும்பு பீரோ நின்றது. அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். விசிறி சுருங்கி வெறும் புள்ளியானது. பாப்பா பாட்டிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாள். பின்னால் ஒரு எட்டு வைத்தார், விழுங்கினாள். முன்னால் வைத்தார், நின்றாள்.

மேகத்துக்குள் போய்வருவதுபோல் இருந்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். நடை வழியின் கடைசியில் பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஆக்சிஜன் மெஷின் தூரத்து லாரிபோல் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

"பீரோ தாண்டினா போயிருதும்மா," என்று தன் போனில் சொன்னார்.

"அப்ப அதான் சார். தடிச் சுவரு, இரும்பு பீரோ ரெண்டும் மறிக்குது. ரௌட்டரை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க முடியுமா?"

திரும்பப் போய் மேஜைக்கு அடியில் படுத்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி முடுக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வயரைப் பிடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். ஆணியடித்தவன் அடித்துவிட்டுப் போயிருக்கிறான், பெயிண்ட் அடித்தவன் அதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறான். சுண்ணாம்பு பெயர்ந்து முகத்தில் கொட்டியது. ஒரு கை நீளம் வயர் கிடைத்தது. பெட்டியை மேஜையிலிருந்து நாற்காலிக்குக் கொண்டுவரலாம், அதற்கு மேல் வராது. வீடு சுற்றிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் தரைத்தளத்தில் இருந்ததால் போன் டேட்டாவும் உள்ளே எடுபடாது. அதையெல்லாம் காலையிலேயே பார்த்தாயிற்று.

"நீளமான வயரோட ஆள் அனுப்பறேன் சார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க."

"நாளைக்கா?"

"அவசரமா சார்?"

கண்ணாடிக்காரர் மேஜையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலையிலிருந்து யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, அக்காவும் அவரிடம் சொல்லவில்லை. நர்ஸம்மா சமையலறையில் சொன்னது அவர் காதில் தானாக விழுந்ததுதான்.

"எங்க அத்தான் படுக்கையில இருக்காரும்மா. இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. பொண்ணு ஏர்போர்ட்ல மாட்டிக்கிச்சு. அதான், அவரு கொஞ்சம் பாத்துட்டா நல்லா இருக்கும்னு."

அந்தப் பக்கம் அவளைச் சுற்றி வேறு யார் யாரோ, வேறு யார் யாருக்கோ விளக்கு எரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"சார்," என்றாள் தாழ்ந்த குரலில். "ரௌட்டர் அங்க போகாதுன்னா... அவரை இந்தப் பக்கம் கூட்டிட்டு வர முடியுமா?"

அவர் சிரிக்கப் போனார். பிறகு கட்டிலின் கால்கள் நினைவுக்கு வந்தன. அது வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். சக்கரம் உண்டு.

"கட்டிலோடயா?" என்றாள் அக்கா.

"கட்டிலோடதான். வரும்போது இந்த வழியாத்தானே வந்துச்சு?"

"அப்ப ஆள் இல்லாம வந்துச்சு. அசைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"அசைக்காம இருந்து என்னக்கா பண்ணப் போறோம்?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், பீரோவின் ஒரு பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். இருவருமாக அதை நெட்டித் தள்ளிச் சமையலறை வாசலை மறைத்து நிறுத்தினார்கள். அதன் பின்னால் சுவர் புதுசாக, வெளிச்சம் படாத நிறத்தில் இருந்தது.

சக்கரங்களின் பூட்டைக் காலால் எடுத்துவிட்டதும் கட்டில் எதிர்பாராத லேசுடன் நகர்ந்தது. கண்ணாடிக்காரர் தலைமாட்டில் நின்று தள்ளினார். அக்கா ஒரு கையால் கால்மாட்டை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் மெஷினையும் உருட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் கட்டிலுக்குப் பின்னால் அவிழ்ந்துகொண்டே வந்தது. கதவு நிலையில் கட்டில் ஒருமுறை உரசியது.

அந்தச் சத்தத்துக்கு அத்தான் கண்ணைத் திறந்தார். மேலே உத்தரம் நகர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதைக் கவனித்தார்.

"யாருடா ஓட்டறது?"

"நான்தான் அத்தான்."

"கண்ணாடியா?"

"ஆமா."

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல அத்தான்."

"அதான் இடிக்கிற," என்றார். பல வருஷங்களாக மச்சினனை மட்டம்தட்டுவதற்கென்றே வைத்திருக்கும் குரல். இப்போது அது ஒரு நூலிழைதான், ஆனாலும் அதே குரல். "திருப்பத்துல ஒடிக்காத. அகலமா எடு."

அவர் அகலமாக எடுத்தார். கட்டில் திரும்பியது. படுத்துக்கொண்டு பார்த்தால் அது வேறு வீடாக இருந்திருக்க வேண்டும். நடை வழியின் உயரத்தில் இருந்த சின்ன சன்னலில் ஒரு துண்டு வெயில், மேலே ஒட்டடை, தலைகீழாகத் தெரியும் காலண்டர், பாப்பா சின்ன வயதில் எட்டி எட்டிப் பென்சிலால் கிறுக்கிய சுவர் என்று ஒவ்வொன்றாக அத்தானின் முகத்துக்கு மேல் வந்து போயின. எல்லாவற்றையும் புதுத் தடத்தில் முதல்முறை ஓட்டுபவரைப்போல் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா பின்பக்கமாக நடந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறோம்?" என்று அவளைக் கேட்டார்.

"முன்னறைக்குங்க."

"அவ்வளவு தூரமா?"

"பக்கம்தான். இதோ வந்துட்டோம்."

முன்னறையில் சன்னல் திறந்திருந்தது. முற்பகல் வெளிச்சம் தரையில் பரவிக் கிடந்தது. கட்டிலைச் சன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினார்கள். மேஜை மேல் ஒரு தலையணையை நிமிர்த்தி, அதில் போனைச் சாய்த்து வைத்தாள் அக்கா. கண்ணாடிக்காரர் அத்தானுடைய மூக்குக்கண்ணாடியைத் தன் சட்டை நுனியில் துடைத்தார். அவர் கையாலேயே லென்ஸ் போட்டுக் கொடுத்ததுதான். ஆக்சிஜன் குழாயின் மேல் இடிக்காமல், காதுக்குப் பின்னால் மெதுவாகச் செருகிவிட்டார்.

பாப்பா வந்தாள். அசைந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அப்பா."

அத்தான் உற்றுப் பார்த்தார். மறுபடி உறைந்துவிடப் போகிறாள் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

"அப்பா, நான் தெரியறேனா?"

"கோவமா?" என்றார்.

பாப்பாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கண்ணிலேயே அது தெரிந்தது.

"இல்லப்பா. அது அப்பவே போயிருச்சு. நீங்க எனக்குக் கிளட்ச் சொல்லிக் குடுத்தீங்களே, அப்பவே."

"அப்ப ஏன் வரல?"

"வந்துக்கிட்டேதான் இருக்கேன். இங்க ஒரே பனிப்பா. முன்னால ஒண்ணுமே தெரியல. அதான் நிறுத்தி வச்சிருக்காங்க."

அத்தான் அவளுக்குப் பின்னாலிருந்த வெள்ளையைப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. தெரிந்த வேலையைப் பற்றி யாரோ கேட்டதுபோல் ஆனது.

"மஞ்ச லைட்டைப் போடு. பெரிய லைட்டு வேணாம், திருப்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். ஓரக்கோட்டைப் பாத்துக்கிட்டே வா."

"சரிப்பா."

"அவசரப்படாத."

"இல்லப்பா. மெதுவாத்தான் வருவேன்."

"ம்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றலாமா என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அதன் பிறகு யாரும் போனை அணைக்கவில்லை. பாப்பா தன் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே ஏதாவது சொன்னாள். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை தன் ஷூவைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறது என்றாள். அக்கா, அது என்ன வயசுக் குழந்தை என்று கேட்டாள். அவ்வளவு தூரத்தில் இருக்கும் பனியும் இந்த அறை வெயிலும் ஒரே இடத்தில் இருப்பதுபோலவும், பாப்பா அடுத்த அறையில் சன்னலோரம் உட்கார்ந்து பேசுவதுபோலவும் இருந்தது. மெஷின் முனகியது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து சற்றுக் கண்ணயர்ந்தார். கண்ணாடித் துண்டுகளை யாரோ வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக நழுவவிடுவதுபோல் ஏதோ கனவு. விழித்தபோது வெயில் தரையைவிட்டுக் கட்டில் மேல் ஏறியிருந்தது. அக்கா கட்டிலில் கையை ஊன்றி, அத்தானின் விரல்களைப் பிடித்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் பாப்பா போனிலிருந்து. "லைன் போயிருச்சு போல. படம் நின்னுருச்சு."

"இல்லையே."

"அப்பா அசையவே இல்லையே மாமா, ரொம்ப நேரமா."

கண்ணாடிக்காரர் வெள்ளைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பிறகுதான் அத்தானைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி நேராக இருந்தது. அதன் கீழ்விளிம்பில், மூச்சு படும் இடத்தில், ஆவி பூக்கவில்லை.

அக்கா கையை எடுக்கவில்லை. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

சன்னல் திரைச்சீலை உப்பி எழுந்து கட்டில் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தணிந்தது. மறுபடி எழுந்தது.

"திரை ஆடுதே மாமா," என்றாள் பாப்பா, வெகுநேரம் கழித்து.

"ஆமாம்மா."

அக்கா குனிந்து மெஷினை அணைத்தாள். அந்த முனகலுக்கு அடியில் இவ்வளவு நாளும் எத்தனை சத்தங்கள் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பாப்பாவின் பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்தது. பாப்பா அழவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவள் போனின் முன்னாலிருந்து விலகிப் போயிருந்தாள். காலி இருக்கையும் அதன் மேல் ஒரு கோட்டும் மட்டும் தெரிந்தன. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டப் போறீங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் மாமா."

"சரிம்மா."

அக்காவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிட்டியா என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டேன் என்று மகள் பொய் சொன்னாள். நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டும், டாக்டர் வந்து பார்க்க வேண்டும், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பாப்பா தலையைத் திருப்பிக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகி, அதற்குள்ளிருந்து ஒரு விமானத்தின் வால் மெல்லப் புலப்பட்டது.

"கூப்பிடறாங்கம்மா. கிளம்பணும்."

"வா."

"கட் பண்ணிடவா?"

அக்கா மேஜையிலிருந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வேணாம். எது வரைக்கும் வருதோ, அது வரைக்கும் கூட வா."

பாப்பா கோட்டை எடுத்தாள், பையைத் தோளில் மாட்டினாள். போனைப் பிடித்த கை கீழே தொங்கியது. முகம் மறைந்து, படத்தில் பளபளவென்ற தரையும், உருளும் பெட்டிகளும், யார் யாருடையவோ கால்களும் வந்தன. நடுவில் அவளுடைய கால்கள். அக்கா போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வீட்டுச் செருப்போட கிளம்பியிருக்கா பாருடா," என்றாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்து அக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். துணிச் செருப்பு, நீல நிறம், ஒன்றில் தையல் விட்டிருந்தது. அந்தப் பெரிய வழுக்குத் தரையின் மேல் அவை அவசரப்படாமல், ஒன்று மாற்றி ஒன்று, வந்துகொண்டிருந்தன.